திருக்கழுக்குன்றத்துக் கழுகு எங்கே போச்சு?

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிகல் பிரிவு)

எலக்ட்ரிகல் படிக்கிறவன் டிரான்ஸ்ஃபார்மர் பற்றியோ மோட்டார் பற்றியோ எழுதாமல் கழுகைப் பற்றி எழுதுகிறானே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இதில் ஹெச்.டி. லைனும் வருகிறது, ரிஜெக்ஷன் பர்சன்டேஜும் வருகிறது. படித்துப் பார்த்தால் நம்ம சிலபஸை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை என்பது தெரியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போகும் ரோட்டில் கம்பெனி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, மேலே வட்டம் போடும் பறவையைக் காட்டி "மச்சான், கழுகுடா!" என்று சொல்லாதவர் நம்மில் யார்? அது கழுகு இல்லை. வால் நுனி நடுவில் லேசாகப் பிளந்திருந்தால் கரும்பருந்து. செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக இருந்தால் செம்பருந்து. நம்ம பாட்டிமார் பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் அதுதான். இவை இரண்டுக்கும் இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை. குப்பைமேடும் கோழிக்கடையும் இருக்கும்வரை கரும்பருந்துக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது.

உண்மையான கழுகு என்பது காலால் வேட்டையாடுவது. பிடித்தால் விடாத நகம், தலையெல்லாம் சிறகு. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அது வேட்டையாடாது. செத்ததைத் தின்னும். காலில் பிடிப்பு கிடையாது, முகத்திலோ கழுத்திலோ சிறகு குறைவு. இதைத்தான் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். பழைய தமிழில் இதற்குப் 'பாறு' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பறவை ஆர்வலர்கள் அந்தச் சொல்லை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் ஊர் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர், கழுகு. இந்தப் பெயர்க் குழப்பத்தோடேயே நம்ம பக்கத்து ஊர் ஒன்று உலகப் புகழ் பெற்றது.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம். மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் பாறை மேல் வந்து இறங்கும். கோயில்காரர் சர்க்கரையும் நெய்யும் சேர்த்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கழுகுகள் தத்தித் தத்தி வந்து சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். இதைப் பார்க்க நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் படி ஏறியிருக்கிறார்கள். சாபம் பெற்ற முனிவர்கள்தான் யுகத்துக்கு ஒரு ஜோடியாகக் கழுகு உருவில் வருகிறார்கள், திரேதா யுகத்தில் வந்தவர்கள் சம்பாதியும் ஜடாயுவும், கலியுகத்தில் சம்புவும் ஆதியும் என்பது தலபுராணம். காசியில் குளித்துவிட்டு இங்கே வந்து சாப்பிட்டுவிட்டு ராமேஸ்வரம் போகிறார்கள் என்றும் சொல்வார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. அதாவது ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் குன்றுக்குப் பெயர் கழுகை வைத்துத்தான்!

1990களின் கடைசியில் அந்தக் கழுகுகள் வரவில்லை. 1998க்கு அப்புறம் பார்க்கவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். அதே 1998ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது என்பதை ஞாபகத்துக்காகச் சொல்கிறேன். காருக்கும் கழுகுக்கும் சம்பந்தம் இல்லை. காலம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'கலி முத்திப் போச்சு, பாவம் பெருகிப் போச்சு, அதான் சாமி வரலை' என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். நாம் டெக்னிக்கல் ஆட்கள். மெஷின் நின்றால் கிரகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? ஃபால்ட் எங்கே என்று பார்க்க வேண்டாமா?

வந்துகொண்டிருந்தது என்ன பறவை? கழுகே இல்லை, பாறு இனம். தமிழில் மஞ்சள்முகப் பாறு. ஆங்கிலத்தில் எகிப்து நாட்டின் பெயரால் ஈஜிப்ஷியன் வல்ச்சர் என்பார்கள். ஆனால் இந்தியாவில் உள்ள வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நியோஃப்ரான் பெர்க்னாப்டெரஸ் ஜின்ஜினியானஸ். அந்த 'ஜின்ஜி' வேறு எதுவும் இல்லை, திண்டிவனம் தாண்டி இருக்கிற நம்ம செஞ்சிதான்! சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782ல் வெளியிட்ட பயண நூலில் 'செஞ்சிக் கழுகு' என்று இதை எழுதினார். அதை வைத்து 1790ல் லேதம் என்ற ஆங்கிலேயர் லத்தீன் பெயர் கொடுத்தார். உலகத்துப் பறவை நூல்களில் எல்லாம் செஞ்சி இருக்கிறது. செஞ்சிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்க்க அழகான பறவை என்று சொல்ல மாட்டேன். கோழிக்குக் கோட் மாட்டியது போல இருக்கும். எடை சுமார் இரண்டு கிலோ. ஆனால் இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல். அழுக்கு வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, முகம் மட்டும் பளிச்சென்று மஞ்சள். அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாட்டுச் சாணியிலிருந்து! சாணியில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிக்காக இது சாணியைத் தின்கிறது என்று 2002ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இன்னொரு விஷயம். ஆப்பிரிக்காவில் இந்தப் பறவை கல்லை அலகில் எடுத்து நெருப்புக்கோழி முட்டை மேல் போட்டு உடைக்கும். கருவி உபயோகிக்கத் தெரிந்த அபூர்வப் பறவைகளில் ஒன்று.

இனப்பெருக்கம் மட்டும் ரொம்ப ஸ்லோ. பாறை இடுக்கில் கூடு, பெரும்பாலும் இரண்டு முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டை வைக்க ஐந்தாறு வருஷம் ஆகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும். நூற்றாண்டுக் கணக்கில் வந்தது ஒரே ஜோடி இல்லை என்பதும் இதிலிருந்தே புரியும். ஒரு ஜோடி செத்தால் அக்கம்பக்கத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கும் இளசுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டோர்ஸில் ஸ்பேர் இருக்கும்வரை மெஷின் நிற்காது. 1990களில் காலியானது அந்த ஸ்டோர்ஸ்.

காலி செய்தது எது? டைக்ளோஃபினாக். பெயர் புதிதாக இருந்தால், வோவிரான் என்று சொன்னால் தெரியும். நைட் ஷிஃப்டில் முதுகு பிடித்துக்கொண்டால் போடுகிறோமே, அதேதான். மனிதனுக்கு நல்ல மருந்து. 1990களில் இந்தியாவில் மாட்டுக்கும் இதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விலை மலிவு, ஊசி போட்டால் மாடு எழுந்து நிற்கும். சில மாடுகள் ஊசி போட்டும் செத்துவிடும். ஊர்ப் புறம்போக்கில் கிடக்கும் அந்த உடம்பைப் பாறுகள் தின்னும். பறவையின் சிறுநீரகம் இந்த மருந்தைத் தாங்காது. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸாஸ்டை அடைத்தால் என்ன ஆகும்? அதே கதை. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்பிலேயே தங்கி, ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது மாதிரி படிந்துவிடும். சில நாட்களில் பறவை காலி.

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் சாவதை 1990களிலேயே விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்தார். வைரஸ் நோய் என்றுதான் முதலில் எல்லோரும் தேடினார்கள். மருந்துதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி மூலம் நிரூபணமானது 2004ல். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்! மஞ்சள்முகப் பாறு 2003க்குள் சுமார் 80 சதவீதம் குறைந்தது.

இங்கேதான் நம்ம குவாலிட்டி கன்ட்ரோல் பாடம் வருகிறது. எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள்? இல்லையே. அப்புறம் எப்படி இவ்வளவு அழிவு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒரு தடவை வயிறு முட்டச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குச் சுமார் 120 சாப்பாடு. செத்த மாடு நூற்றில் ஒன்றில்தான் விஷம் என்று வைப்போம். ஒரு சாப்பாட்டில் தப்பிக்க வாய்ப்பு 0.99. நூறு மார்க்குக்குத் தொண்ணூற்றொன்பது! ஆனால் வருஷம் முழுக்கத் தப்பிக்க வேண்டுமென்றால் 0.99ஐ 120 தடவை பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 0.30 வரும். அதாவது பத்தில் ஏழு பறவை ஒரே வருஷத்தில் அவுட். சீரீஸ் சர்க்யூட்டில் நூற்றிருபது பல்பு மாதிரிதான், எது ஃப்யூஸ் போனாலும் மொத்தமும் இருட்டு. இது நான் போட்ட தோராயக் கணக்கு. விஞ்ஞானிகள் 2004ல் முறையாகப் போட்ட கணக்கில், நூற்றில் ஒன்றுகூட வேண்டாம், 0.8 சதவீதத்துக்கும் குறைவான உடல்களில் விஷம் இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று வந்தது. பிறகு பல மாநிலங்களில் செத்த மாடுகளின் ஈரலைச் சோதித்தபோது சுமார் 10 சதவீதத்தில் மருந்து இருந்தது.

பத்து சதவீதம் ரிஜெக்ஷன் என்றால் எந்த கம்பெனியில் லைனை ஓட விடுவார்கள்?

மஞ்சள்முகப் பாறு ஏன் 99.9க்குப் போகாமல் 80ல் நின்றது? அது பெரிய மாட்டை மட்டும் நம்பியிருக்கும் பறவை இல்லை. எலி, ஆமை, குப்பை, சாணி, கோயில் பிரசாதம் என்று கலந்து சாப்பிடும். அந்தக் கலப்படச் சாப்பாடுதான் அதைக் கொஞ்சம் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. சரி, உண்மையான கழுகுகள் தப்பித்தனவா? அதுவும் இல்லை. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் ஸ்டெப்பிக் கழுகு செத்ததையும் தின்னும். ராஜஸ்தானில் பிகானீர் அருகே மாட்டுப் பிணம் கொட்டும் இடத்தில் 2012ல் செத்துக்கிடந்த இரண்டு ஸ்டெப்பிக் கழுகுகளின் உடம்பில் இதே மருந்தும் அதே சுண்ணாம்புப் படிவும் இருந்தன. பெயரில் நாம் செய்த குழப்பத்தை மருந்தும் செய்துவிட்டது. கழுகென்றும் பாறென்றும் அது பார்க்கவில்லை.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்திய அரசு 2006ல் தடை செய்தது. தடை வந்தால் போதுமா? மனிதனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015ல் மனித ஊசி மருந்தை ஒரே டோஸ், 3 மில்லிக்கு மேல் பாட்டிலில் விற்கக்கூடாது என்றார்கள். பிறகு அசெக்ளோஃபினாக் கிளம்பியது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அதுவே டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது! கீட்டோப்ரோஃபென் என்ற இன்னொன்றும் பாறுக்கு விஷம். இந்த இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தது 2023ல்தான். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. இத்தனைக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுக்குத் தீங்கு செய்யாது, மாட்டுக்கும் வலி போகும் என்று 2006லேயே தெரிந்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. டாக்டர் வரும்போது "சார், மெலாக்சிகாம் போடுங்க" என்று கேட்க ஒரு ரூபாய் செலவில்லை.

மருந்து தவிர இன்னொரு எமன் இருக்கிறது, அது நம்ம டிபார்ட்மென்ட். கம்பியில் காக்கா உட்கார்ந்தால் ஷாக் அடிப்பதில்லை, ஏன்? இரண்டு காலும் ஒரே பொட்டன்ஷியலில் இருக்கின்றன. முதல் வருஷப் பாடம். ஆனால் ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள பறவை எர்த் ஆன இரும்பு கிராஸ் ஆர்ம் மேல் உட்கார்ந்து, பறக்க இறக்கையை விரித்தால்? பின் இன்சுலேட்டர் தூக்கிப் பிடிக்கும் உயரம் கொஞ்சம்தான். இறக்கை ஃபேஸில் படும், கால் எர்த்தில் இருக்கும், கரண்ட் உடம்பு வழியாகப் போகும். நமக்கு ஃபீடர் ட்ரிப், பறவைக்கு உயிர். சூடான் நாட்டில் போர்ட் சூடான் அருகே 1950களில் போட்ட 31 கிலோமீட்டர் லைன் ஒன்று மஞ்சள்முகப் பாறுகளைப் பல பத்தாண்டுகள் கொன்றுகொண்டே இருந்தது. அங்கே குளிர்காலத்துக்கு வரும் பறவைகள் நூற்றுக்கணக்கில், ஒருவேளை ஆயிரக்கணக்கில் செத்திருக்கும் என்கிறார்கள். 2014ல்தான் அதை நிறுத்திவிட்டு இன்சுலேட் செய்த லைன் போட்டார்கள். வைத்தியம் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கம்பத்தின் பக்கத்தில் வரும் கண்டக்டருக்கு உறை போடலாம், இன்சுலேட்டரை கிராஸ் ஆர்முக்குக் கீழே தொங்கவிடலாம். லைன் போட்ட பிறகு செய்வதைவிட டிசைனில் செய்தால் மலிவு. நாளைக்கு அந்த டிராயிங்கில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம்தானே.

சாப்பாடும் குறைந்துவிட்டது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் நிலம் பிளாட் ஆனது, செத்த மாட்டை ஜே.சி.பி. வைத்துப் புதைக்கிறோம். சுகாதாரத்துக்கு நல்லதுதான், தப்பில்லை. ஆனால் பாறுக்கு இலையை எடுத்தாயிற்று.

இப்போது நிலைமை என்ன? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு கிரேடு போட்டு வைத்திருக்கிறது. 'கவலை குறைவு' என்பதில் தொடங்கி, 'அச்சுறுத்தலை நெருங்கியது', 'பாதிக்கப்படக்கூடியது', 'ஆபத்தில்', 'மிக ஆபத்தில்' என்று இறங்கும். மஞ்சள்முகப் பாறு 2007ல் 'கவலை குறைவு' என்ற படியிலிருந்து ஒரே தாவலில் 'ஆபத்தில்' என்ற படிக்கு வந்தது. நடுவில் இரண்டு படியைத் தொடவே இல்லை! உலகம் முழுக்க வளர்ந்த பறவைகள் 12,400 முதல் 36,000 வரை என்று மதிப்பீடு. ஸ்டெப்பிக் கழுகும் 2015லிருந்து 'ஆபத்தில்'. வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலைப் பாறுகள் 'மிக ஆபத்தில்'. ஹரியானாவில் பின்ஜோர் என்ற இடத்தில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் மையம் நடக்கிறது. அதற்குப் பெயர் ஜடாயு. திருக்கழுக்குன்றத்துப் புராணம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பது நீலகிரி மலையடிவாரத்தில், மாயாறு பள்ளத்தாக்கில். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. அருளகம் என்ற அமைப்பு அங்கே ஊர் ஊராகப் போய் மாடு வைத்திருப்பவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் பேசி வருகிறது. தமிழக அரசு 2022ல் பாறுகளுக்கென்று மாநிலக் குழு அமைத்தது. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநில வனத்துறையும் சேர்ந்து எண்ணியதில் மொத்தம் 246 பாறுகள். அதே வருஷம் டிசம்பரில் 320. ஏறுமுகம் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த 320ல் மஞ்சள்முகப் பாறு எத்தனை? நான்கு!

பறவை போனால் நமக்கென்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு எண் வைத்திருக்கிறேன். பாறு போனதும் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடி கூடியது. ஃப்ராங்க், சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2024ல் வெளியிட்ட கட்டுரையில், 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் இதனால் ஏற்பட்ட கூடுதல் மனித மரணங்கள் சுமார் 5 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் துப்புரவு பார்த்தவர்களை வேலையை விட்டு நிறுத்தியதற்குக் கொடுத்த விலை அது.

கடைசியாக, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையிலோ குப்பை கொட்டும் இடத்திலோ பருந்துக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று உயரத்தில் மிதந்தால் வாலைப் பாருங்கள். கரும்பருந்துக்கு வால் பிளந்திருக்கும். இதற்கு ஆப்பு மாதிரி கூம்பிக்கொண்டு வரும். இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. உட்கார்ந்திருந்தால் மஞ்சள் முகமும், பிடரியில் சீவாத தலைமுடி மாதிரி சிலிர்த்த சிறகும் தெரியும். குஞ்சாக இருந்தால் உடம்பெல்லாம் கரும்பழுப்பு, ஆனால் வால் அதே ஆப்புதான். மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள், தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் மாடு செத்துக் கிடந்தால், அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.